லா பொல்டுக்: வேலைக்காரப் பிள்ளையாய் மொன்றியலுக்கு வந்த பாடகி

சித்திரை மலருக்கு ஒரு கலைஞரின் வாழ்க்கைக் கதை எழுதித் தாங்கோ எண்டு மலர்க்குழுத் தம்பிமார் கேட்டார்கள். எங்கட ஊர்க் கலைஞர் ஆரையாவது பற்றி எழுதுவன் எண்டுதான் நினைச்சிருப்பார்கள். எம்மவரைப் பற்றி எழுத எங்களுக்குள் நல்ல பேனாக்கள் பல உண்டு. நான் இம்முறை நாங்கள் வந்து குடியேறிய இந்த மண்ணின் நாட்டுப்பாடகி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய பெயர் மேரி ட்ரவேர்ஸ். கியூபெக் சனத்துக்கு அவர் 'லா பொல்டுக்'. கலியாணம் கட்டிய வழியில் வந்த பெயர் அது. பொல்டுக் வீட்டுக்காரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.

இல்-பிசாரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரத் தம்பதி இருந்தார்கள். ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் காலையிலேயே அவர்கள் வீட்டில் இந்த அம்மாவின் பாட்டுத்தான் கேட்கும். எங்களுக்குச் சித்திரை வருஷத்துக்கு நாதஸ்வரம் போடுவது போல எண்டு நினைச்சேன். ஆனால் நான் அவரை முதலில் கேட்டது அதற்கும் முன்னர், 1987 இல் வந்த புதுசில் அரசாங்கம் நடத்திய 'கோபி' பிரெஞ்சு வகுப்பில். ரீச்சர் ஒருநாள் கசெற் ஒன்றைக் கொண்டுவந்து போட்டா. நாங்கள் படிச்ச பிரெஞ்சுக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பாட்டின் நடுவில் சொல்லில்லாமல் நாக்கை உருட்டி, தன்னானே தில்லாலே எண்டது மாதிரி ஒன்று பாடினார் பாருங்கோ, அது விளங்கினது. வகுப்பில் இருந்த வியட்நாம்காரர், சிலிநாட்டுக்காரர், நாங்கள், எல்லாரும் சிரிச்சோம். அந்த நாக்குருட்டுக்கு இங்கே 'துர்லுத்' எண்டு பெயர்.

மேரி பிறந்தது 1894 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் திகதி, காஸ்பேசிப் பகுதியில் நியூபோர்ட் என்ற கடற்கரைக் கிராமத்தில். மொன்றியலில் இருந்து சென்லோறன்ஸ் ஆற்றோடு கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் ஆறு முடிந்து கடலாகிற இடம் அது. 1986 ஆகஸ்டில் எம்மவர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்களே நியூபவுண்ட்லாந்துக் கடல், அதற்கு இந்தப் பக்கம். காஸ்பேசிச் சனத்தின் சீவியம் கொட் மீனும் மரம் வெட்டும்தான். மீனைப் பிளந்து உப்புப் போட்டு, கரையில் தட்டியடித்துக் காயவைப்பார்கள். எங்கட கருவாடு மாதிரித்தான், வெயில்தான் குறைவு. மீன் வாங்குகிற கொம்பனிக்காரரின் கடையிலேயே மாவும் சீனியும் கடனுக்கு எடுக்கவேண்டும். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் மீனவன்தான் இன்னும் கொடுக்கவேண்டி இருக்கும். வடமராட்சியிலோ மன்னாரிலோ பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தகப்பன் லோறன்ஸ் ட்ரவேர்ஸ் ஐரிஷ் வழி, ஆங்கிலம் பேசுபவர். தாய் அடெலின் சீர் பிரெஞ்சு. ஆக, அந்த வீட்டில் இரண்டு மொழியும் புழங்கின. தகப்பனின் முதல்தாரத்துப் பிள்ளைகளும் இருந்தபடியால் பெரிய குடும்பம், பெரிய வறுமை. மேரி பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். சங்கீதம் படித்தது தகப்பனிடம். வயலின், அக்கோடியன், மவுத்ஓகன், கரண்டி இரண்டைத் தொடையில் தட்டித் தாளம் போடுவது, இவற்றோடு பல்லில் கடித்து விரலால் சுண்டி வாசிக்கும் ஒரு சின்ன இரும்பு வாத்தியம். இங்கே அதை 'பொம்பார்ட்' என்பார்கள். அது வேறொன்றும் இல்லை, எங்கட கச்சேரிகளில் மிருதங்கத்தோடு வருகிற மோர்சிங்தான். சுரம் எழுதவோ வாசிக்கவோ அவருக்குத் தெரியாது. எல்லாம் காதால் வந்த வித்தை.

பதின்மூன்று வயதில் மேரி மொன்றியலுக்கு வந்தார். தகப்பனின் முதல்தாரத்து மகள் ஒருவர் ஏற்கெனவே இங்கே வீட்டுவேலை செய்துகொண்டிருந்தார். அந்த அக்கா பார்த்து ஒழுங்கு செய்த வேலை. அந்தக் காலத்து ஸ்பொன்சர் எண்டு சொல்லலாம். சென்லூயிச் சதுக்கத்தில் ஒரு டொக்டர் வீட்டில் சமையலும் துப்புரவும், தங்க இடமும் சாப்பாடும் தந்து மாதம் 15 டொலர் சம்பளம். பிறகு துணித் தொழிற்சாலையில் வேலை. ஷபனெல் தெருவில் பீஸ்வேர்க்கில் கொலர் தைத்த எங்கட அக்காமார் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார்கள் எண்டு எனக்குத் தெரியும். நானும் அங்கே நாலு வருஷம் பொத்தான் துளை அடித்தவள்தான்.

1914 ஆகஸ்டில் எத்துவார் பொல்டுக் என்ற பிளம்பரைக் கலியாணம் முடித்தார். அதே 1914 இல்தான் கோமகாட்டா மாரு என்ற கப்பலில் வன்கூவருக்கு வந்த இந்தியர் 376 பேரில் பெரும்பாலானவர்களைக் கரையிறங்கவிடாமல் கனடா திருப்பி அனுப்பினது. இந்தக் கப்பலை ஞாபகத்தில் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

குடும்பவாழ்க்கை கஷ்டமான வாழ்க்கை. அந்தக் காலத்து மொன்றியலில் கைக்குழந்தைகளின் சாவு பயங்கரம். நல்ல தண்ணீரும் சுத்தமான பாலும் இல்லாத ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளை பிறந்தால் ஒரு வயது தாண்டுமோ எண்டு ஏங்க வேண்டிய நிலை. மேரி பல தடவை கர்ப்பமானார். வளர்ந்து ஆளானது நாலு பிள்ளைகள்தான். 1921 இல் கணவனுக்கு வேலை சரிவராமல் போக, குடும்பத்தோடு எல்லையைத் தாண்டி அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டுக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் அது அதிசயம் இல்லை. 1840 முதல் 1930 வரை கிட்டத்தட்ட 900,000 பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவின் ஆலைகளுக்குப் பிழைப்புத் தேடிப் போனவர்கள். ஸ்பிறிங்பீல்டும் சரிவரவில்லை. அடுத்த வருஷமே மொன்றியலுக்குத் திரும்பி வந்தார்கள். இதையும் ஞாபகத்தில் வைச்சிருங்கோ.

வீட்டில் மேரி தையல்வேலை எடுத்துச் செய்தார். பின்னேரங்களில் ஊர்ச்சனம் கூடினால் வயலின் வாசிப்பார். காஸ்பேசியில் இருந்து வந்தவர்கள் அவர் வீட்டுக் குசினியில்தான் கூடுவார்கள். தெரிந்தவர்கள் மூலம் 1928 இல் மொனுமென் நாசியோனால் மண்டபத்துக்கு வாசிக்கப் போனார். சென்லோறன் வீதியில் இருக்கிற அந்த மண்டபத்தில் கொன்றாட் கோத்தியே என்பவர் 'பழைய நல்ல காலத்துப் பொழுதுகள்' என்ற பொருளில் நாட்டுப்புற நிகழ்ச்சிகள் நடத்திவந்தார். அங்கே ஒரு வயலின்காரர் வராமல் போக, அந்த இடத்துக்கு இவர். மேடையேறும் ஆசையால் அல்ல, வீட்டுச் செலவுக்குக் காசு வேண்டும் என்பதால் போனவர். அப்போது அவருக்கு வயது 34. எங்கட பிள்ளைகள் 20 வயதிலேயே காலம் போச்சு எண்டு கவலைப்படுகிறார்கள், அவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுறன்.

அங்கே அவரைக் கேட்ட பாடகர் ஒவீலா லெகாரே, இசைத்தட்டுக் கொம்பனியின் றோமேயோ போட்றி என்பவரிடம் சொல்லிவிட்டார். கொம்போ என்ற அந்தக் கொம்பனியின் ஆலை எங்கள் பக்கத்து லஷீனில் இருந்தது. 'ஸ்ரார்' என்ற பெயரில் பிரெஞ்சு இசைத்தட்டுகள் போட்டார்கள். 1929 இல் நாலு தட்டுக்கு ஒப்பந்தம், ஒரு பக்கத்துக்கு 25 டொலர். முதல் தட்டுகள் விலைப்படவில்லை. அந்த வருஷக் கடைசியில் தானே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடினார். 'லா குயிசினியேர்', அதாவது சமையல்காரி.  டொக்டர் வீட்டில் பாத்திரம் கழுவின பிள்ளை அந்த வாழ்க்கையையே பகிடியாக்கிப் பாடினது. 12,000 தட்டு விற்றது. அந்த நாளில் கியூபெக்கில் அப்படி ஒரு விற்பனையை ஒருவரும் கண்டதில்லை.

காலத்தைக் கவனியுங்கோ. 1929 ஒக்ரோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை விழுந்து உலகமெல்லாம் பஞ்சம் தொடங்கிய நேரம். 1933 அளவில் மொன்றியலில் உழைக்கக்கூடியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வேலை இல்லை. 'சுக்கூர் திறெக்ற்' என்ற நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கவேண்டும், எங்கட ஆட்கள் வெல்பெயருக்கு நிண்டது போல. பெரிய மண்டபங்களில் பாடியவர்கள் பரிஸ் நகரத்துக் காதலையும் நிலாவையும் பாடிக்கொண்டிருந்தபோது இவர் மூலைக்கடையைப் பாடினார், தெருவில் கூவி விற்பவனைப் பாடினார், கதவைத் தட்டித் தொல்லை தரும் இன்சூரன்ஸ்காரனைப் பாடினார், கொட் மீனைப் பாடினார். வேலையில்லாச் சனத்துக்காக 1930 இல் 'சா வா வெனீர், தேக்குறாஜே வூ பா' எண்டு ஒன்று. வரும், மனம் தளராதேங்கோ எண்டது அதன் பெயரின் பொருள். அழுகைப் பாட்டல்ல. துள்ளி ஆடலாம். அந்த வருஷம் ஆகஸ்டில் ஆர்-100 என்ற பெரிய பிரித்தானிய ஆகாயக்கப்பல் மொன்றியலுக்கு வந்து சனம் அள்ளுப்பட்டுப் பார்க்கப்போனபோது அதற்கும் ஒரு பாட்டு. 1934 இல் ஒன்ராறியோவில் ஒரே சூலில் ஐந்து பெண்பிள்ளைகள் பிறந்தபோது அதற்கும் ஒரு பாட்டு. பேப்பர் வாசிக்கத் தெரியாத வீடுகளுக்கு இவர் தட்டுத்தான் பேப்பர். வருஷப்பிறப்புக்குக் குடும்பம் ஆயத்தமாகிறதைப் பற்றிய பாட்டும் 1930 இல் வந்ததுதான். எங்கள் பக்கத்து வீட்டில் ஜனவரியில் கேட்டது அது.

மெட்டுகள் பெரும்பாலும் தகப்பனிடம் கேட்டுப் பழகிய ஐரிஷ், காஸ்பேசி வயலின் மெட்டுகள். சொற்கள் தன்னுடையவை. வீட்டுவேலைக்கு நடுவில் கட்டுவார். மகள் தெனிஸ் பியானோ வாசிக்கப் பழகி, தாய்க்குப் பக்கவாத்தியம் ஆனார். பாடேக்க நேராக நிமிர்ந்து நின்று, முகத்தில் பெரிய பாவனை இல்லாமல் பாடுவாராம். சிரிப்பெல்லாம் சொல்லிலும் நாக்கிலும்தான். எங்கட மீனவர் வலை இழுக்கப் பாடுகிற அம்பாப் பாட்டில் ஏலேலோ வருகிற இடத்தில் இழுப்பவனுக்கு ஒரு மூச்சு கிடைக்கும். துர்லுத்தும் அப்படித்தான் எண்டு எனக்குப் படுகிறது. சொல் முடிகிற இடத்தில் உடம்பு பாடத் தொடங்குகிறது.

படித்த பெரிய மனிதருக்கு இவரைப் பிடிக்கவில்லை. கொச்சைப் பிரெஞ்சு, ஆங்கிலச் சொல் கலந்த பிரெஞ்சு, குசினிக் கதை எண்டு முகம் சுழித்தார்கள். றேடியோக்காரரும் அதிகம் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கூத்துக்காரரையும் சின்னமேளத்தையும் எங்கட பெரியவர்கள் நடத்திய விதத்தை நினைத்தால் எனக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை.

பஞ்சம் முற்ற, இசைத்தட்டு வாங்கவும் சனத்திடம் காசு இல்லை. ஆகவே தட்டை விட்டுவிட்டு ஊரூராகப் போனார். 1930 நவம்பரில் லஷூற் என்ற ஊரில் முதன்முதல் தன் பெயரையே முன்னால் போட்டு மேடையேறியவர், 1932 முதல் ஜான் கிறிமால்டி என்பவரோடு சேர்ந்து ஒரு குழு வைத்து நடத்தினார். கியூபெக்கின் சின்னச் சின்ன ஊர்கள், ஒன்ராறியோ, அமெரிக்காவின் நியூ இங்லாந்து மாநிலங்கள். அங்கே ஆலைகளில் வேலை செய்த பிரெஞ்சுச் சனம், ஊரை விட்டு வந்த சனம், இவர் பாட்டில் ஊர்ப்பேச்சைக் கேட்கத் திரண்டு வந்தது. ஸ்காபரோ மண்டபத்தில் ஊரில் இருந்து வந்த பாடகருக்கு எங்கட ஆட்கள் அடிபட்டு ரிக்கற் எடுக்கிறதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

இனி, ஞாபகத்தில் வைச்சிருக்கச் சொன்ன விஷயங்களுக்கு வருகிறேன். 1931 இல் இவர் 'லுவ்ராஜ் ஓ கனாதியாங்' எண்டு ஒரு பாட்டு வெளியிட்டார். கனடியருக்கு வேலை எண்டு அர்த்தம். பொருளும் அதுதான். எங்கட ஆட்கள் சும்மா இருக்க, வந்தேறிகளுக்கு வேலை போகுது என்ற முறைப்பாடு.

இதை முதல் முதல் விளங்கிக் கேட்ட நாள் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. இதே கதையை நான் தொழிற்சாலையில் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் முதுகுக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதைச் சொன்னவர்களை மன்னிக்கவோ மறக்கவோ ஏலும். ஆனால் மனதுக்குப் பிடித்துப்போன ஒருவர் மெட்டுப்போட்டுப் பாடியிருப்பதை என்ன செய்வது?

பாட்டு வந்த காலத்தைப் பார்த்தால் இன்னும் கசக்கிறது. அந்த 1931 இல்தான் கனடா குடிவரவுக் கதவை அநேகமாக இறுக்கிப் பூட்டியது. 1930 இல் இருந்து 1935 வரை ஏறத்தாழ 28,000 பேரை நாடுகடத்தினார்கள். அவர்களில் பலர் செய்த குற்றம், வேலை இழந்து நிவாரணம் கேட்டதுதான். பாட்டில் வருகிற வந்தேறிகள் எங்களைப் போன்றவர்களும் அல்ல. கோமகாட்டா மாரு காலத்திலேயே எங்கட தோல் நிறத்துக்குக் கதவு திறக்கவில்லையே. அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்து வந்த ஏழைகள். ஸ்பிறிங்பீல்டில் வேலை தேடிய குடும்பத்தை அங்கே உள்ளவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? ஆங்கிலேய ஆலைத் தொழிலாளரும் பிரெஞ்சுச் சனத்தைப் பற்றி இதே முறைப்பாட்டைத்தான் சொன்னார்கள், குறைந்த சம்பளத்துக்கு வந்து எங்கட வேலையைப் பறிக்கிறார்கள் எண்டு. தகப்பன் வழியிலோ அவர் ஐரிஷ்காரி, அவர்களும் ஒருகாலத்தில் கப்பலில் வந்திறங்கியவர்கள்.

சிலர் சொல்வார்கள், அவர் சனம் பேசியதைப் பாடினவர், சனம் 1931 இல் அதைத்தான் பேசியது எண்டு. உண்மை. ஆனால் அது பாட்டைச் சரியாக்காது. எனக்குப் படுவது இதுதான்: பட்டினி கிடக்கிற வீட்டுக்காரி பக்கத்தில் பட்டினி கிடக்கிறவனைக் கண்டால் அணைப்பதும் உண்டு, தள்ளுவதும் உண்டு. இவர் மற்றப் பாட்டுகளில் அணைத்தார், இந்தப் பாட்டில் தள்ளினார். எங்கட ஆட்களும், தாங்கள் பத்திரம் எடுத்து ஐந்து வருஷம் முடியமுதலே, பிறகு வந்த அகதியைப் பற்றிக் கதைக்கிற கதைகள் எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் வைத்தே கேட்டிருக்கிறேன்.

1937 யூனில் ரிமூஸ்கிப் பக்கம் குழுவோடு பயணம் போகேக்க கார் விபத்து. கால் முறிந்தது, மூக்கு உடைந்தது, தலையிலும் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் சோதித்தபோது புற்றுநோய்க் கட்டி இருப்பதும் தெரியவந்தது. தலையில் அடிபட்ட பிறகு முன்போலப் பாட்டுக் கட்டவும் ஞாபகம் வைத்திருக்கவும் அவரால் ஏலவில்லை. நட்டஈட்டுக்காக வழக்கும் நடந்தது. ரேடியம் வைத்தியத்துக்கு நடுவிலும் 1939 பெப்ரவரியில் கடைசித் தட்டுகளைப் பாடினார், மேடைக்கும் திரும்ப வந்தார்.

1941 பெப்ரவரி 20 ஆம் திகதி மொன்றியலில் காலமானார். வயது 46. கியூபெக் மாகாணத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1940 ஏப்ரலில், அவர்கள் முதலில் வாக்களித்த பொதுத்தேர்தல் 1944 இல். ஊரெல்லாம் தன் குரலைக் கேட்க வைத்த அந்த மனுசிக்கு அந்த வாக்குப் போடும் நாள் வரவில்லை.

செத்தபிறகு கொஞ்சக் காலம் பெரிய மனிதர் மறந்துவிட்டார்கள். சனம் மறக்கவில்லை. 1960களில் கியூபெக் இளைஞர்கள் தங்கட மொழி, தங்கட பேச்சு எண்டு எழும்பியபோது, கொச்சை எண்டு தள்ளிய அதே பிரெஞ்சுக்காகவே இவரைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு வந்த பாட்டுக்காரர் பலருக்கு இவர்தான் தாய்வேர். 1994 இல், நூற்றாண்டுக்கு, கனடாத் தபால்துறை முத்திரை வெளியிட்டது. 2018 இல் 'லா பொல்டுக்' எண்டே படமும் வந்தது.

அவரை அடக்கம் செய்தது நோத்ர்-டாம்-டெ-நேஜ் மயானத்தில். எம்மவர் பலர் வந்த புதுசில் ஒரு அறையில் ஆறு பேராக இருந்தோமே கோட்-டெ-நேஜ், அந்த அப்பார்ட்மென்றுகளில் இருந்து நடந்து போகிற தூரம். அந்த மதிலோரமாக எத்தனை விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடியிருப்போம்.

எண்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிவில் இருக்கின்றன, தேடினால் லேசாகக் கிடைக்கும். பிரெஞ்சு படிக்கிற உங்கட பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, சொல் சொல்லாக விளக்கச் சொல்லிக் கேளுங்கோ. முதலில் 'லா குயிசினியேர்'. அது பிடித்தால் வேலையில்லாச் சனத்துக்குப் பாடினதையும் கொட் மீன் பாட்டையும் கேளுங்கோ. ஜனவரி வந்தால் வருஷப்பிறப்புப் பாட்டு. 'லுவ்ராஜ் ஓ கனாதியாங்' ஐயும் தள்ளிவிடாமல் கேளுங்கோ, அதையும் பிள்ளை மொழிபெயர்க்கட்டும்.